அமெரிக்க அதிபர்களுக்கு ஒரு மார்க் ஷீட்

அமெரிக்காவில் சில வருஷங்களுக்கு ஒருமுறை சரித்திரப் பேராசிரியர்களைக் கேட்டு தங்கள் அதிபர்களுக்கு ரேங்க் போடுவார்கள். 1948-ல் ஆர்தர் ஷ்லெசிங்கர் (சீனியர்) என்ற பேராசிரியர் லைஃப் பத்திரிகைக்காக 55 பேரைக் கேட்டு ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. அந்த முதல் லிஸ்டில் லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வில்சன் நால்வரும் டாப். வாரன் ஹார்டிங் கடைசி பெஞ்ச்.

டாப் நாலு பேரை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாலு பேர் பெயரோடும் ஒரு பெரிய யுத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய யுத்தம், பெரிய சட்டம், பெரிய பேச்சு இருந்தால் பெரிய தலைவர். சும்மா இருந்தவர் சுமார். இதுதான் சரித்திர வாத்தியார்களின் மார்க் போடும் முறை.

நான் காமர்ஸ் மாணவன். எனக்கு வேறு மாதிரி மார்க் போடத்தான் தெரியும். எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, போகும்போது எவ்வளவு கடன் வைத்துவிட்டுப் போனார், ஜனங்களுடைய பாக்கெட்டிலும் வியாபாரத்திலும் எவ்வளவு தூரம் கை வைத்தார்? அரசாங்கம் சிறியதாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களும் படிக்கலாம், சுவாரசியமான கதைகள் உண்டு :-)

மார்க் போடும் விதிமுறைகள்

ஆடிட் பண்ணுவதற்கு முன் விதிகளைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நமக்குப் பிடித்தவருக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிடுவோம்.

1. வரியைப் பார்க்காதே, செலவைப் பார். வரியைக் குறைத்துவிட்டு கடன் வாங்கிச் செலவழித்தால் அது வரிக் குறைப்பே அல்ல. பில்லை அடுத்த தலைமுறைக்கு அனுப்பிவைப்பது.

2. ஓபனிங் பேலன்ஸ் முக்கியம். அதிபர் பதவி ஏற்பது ஜனவரியில் (1933 வரை மார்ச்சில்). அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பட்ஜெட் முந்தைய ஆள் போட்டது. 1976 வரை அவர்கள் நிதியாண்டு ஜூலையில் தொடங்கியது, அதற்குப் பிறகு அக்டோபரில். அதனால் முதல் வருஷக் கணக்கை முழுசாகப் புது ஆள் தலையில் எழுதக் கூடாது.

3. பணப்பெட்டியின் சாவி காங்கிரஸிடம் இருக்கிறது. அதிபரின் வவுச்சர் என்று பார்த்தால் அவர் போட்ட கையெழுத்தும், போட மறுத்த கையெழுத்தும்தான். மறுப்பதற்குப் பெயர் வீட்டோ.

4. பட்ஜெட்டில் தெரியாத அரசாங்கமும் அரசாங்கம்தான். இறக்குமதி வரி, விலைக் கட்டுப்பாடு, லைசென்ஸ் இவற்றுக்கெல்லாம் கஜானாவிலிருந்து பெரிய செலவு இல்லை. ஆனால் ஜனங்களுக்குச் செலவு.

5. வட்டி விகிதம் அதிபர் கையில் இல்லை. 1913-க்குப் பிறகு அது ஃபெடரல் ரிசர்வ் வேலை. பொருளாதாரம் ஏறினாலும் இறங்கினாலும் மொத்தப் பாராட்டையோ திட்டையோ அதிபருக்கே கொடுத்துவிடக் கூடாது.

6. கட்சி லேபிளுக்கு மார்க் கிடையாது.

இனி பேப்பர் திருத்துவோம்.

ஹார்டிங் (1921-23): கடைசி பெஞ்ச் மாணவர்

வில்சன் விட்டுப்போன ஓபனிங் பேலன்ஸைப் பாருங்கள். வருமான வரி 1913-ல் ஆரம்பித்தபோது உச்ச விகிதம் 7 சதவீதம். 1918-ல் அது 77. முதல் உலக யுத்தத்தால் 1919-ல் மத்திய அரசின் செலவு சுமார் 1,850 கோடி டாலர். யுத்தத்துக்கு முன் 100 கோடியைக்கூடத் தொடாத பட்ஜெட் அது! யுத்தம் முடிந்ததும் ஒரு கடுமையான சரிவு. மொத்த விற்பனை விலைகள் 1920-க்கும் 1921-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தன. வேலையில்லாதவர்கள் 9-லிருந்து 12 சதவீதம் வரை (மதிப்பீடு செய்தவரைப் பொறுத்து).

ஹார்டிங் என்ன செய்தார்? பெரிய மீட்புத் திட்டம் எதுவும் போடவில்லை. செலவைக் குறைத்தார். 1920-ல் சுமார் 640 கோடியாக இருந்த செலவு 1922-ல் சுமார் 330 கோடி. 1921-ல் பட்ஜெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, முதன்முதலாக மொத்த அரசாங்கத்துக்கும் ஒரே பட்ஜெட் தயாரிக்க ஒரு அலுவலகம் அமைத்தார். அதுவரை ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் போய் காங்கிரஸிடம் கை நீட்டிக்கொண்டிருந்தது. இதோடு, தணிக்கை செய்ய காங்கிரஸுக்கென்று தனி அமைப்பும் அதே சட்டத்தில் வந்தது. நம்ம ஆடிட்டிங் பேப்பர் மக்கள் அவருக்கு ஒரு ஓ போடலாம்.

1922 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, முன்னாள் படைவீரர்களுக்கு போனஸ் கொடுக்கும் மசோதாவை வீட்டோ செய்தார். பணத்துக்கு வழி காட்டாமல் செலவு மட்டும் கேட்கிறீர்கள் என்பது காரணம். ஓட்டுப் போடும் கூட்டத்திடம் இப்படிச் சொல்ல தைரியம் வேண்டும். சரிவு 18 மாதத்தில், 1921 ஜூலையில் முடிந்தது. 1923-ல் வேலையின்மை 5 சதவீதத்துக்கும் கீழே.

இங்கே சிறிய அரசாங்கக் கட்சிக்காரர்கள் வழக்கமாகக் கை தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். உட்காருங்கள். இரண்டாம் விதிப்படி, செலவில் மிகப் பெரிய வீழ்ச்சி (1,850-லிருந்து 640) வில்சன் காலத்திலேயே, படைகளை வீட்டுக்கு அனுப்பியதால் வந்தது. ஐந்தாம் விதிப்படி, 1920-ல் 7 சதவீதம் வரை வட்டியை ஏற்றிய ஃபெடரல் ரிசர்வ், 1921 நடுவில் படிப்படியாக இறக்கியது. இரண்டையும் கழித்த பிறகுதான் ஹார்டிங்கின் பங்கு. நான்காம் விதியில் அவர் ஃபெயில். 1921-லும் 1922-லும் இறக்குமதி வரியை ஏற்றும் சட்டங்களில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் டீபாட் டோம் ஊழல். கடற்படைக்கென்று ஒதுக்கிய எண்ணெய் நிலங்களை உள்துறை மந்திரி ஆல்பர்ட் ஃபால் டெண்டர் விடாமல் குத்தகைக்குக் கொடுத்து காசு பார்த்தார். ஜெயிலுக்கும் போனார். ஹார்டிங் பெயர் கெட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். எனக்கென்னவோ இது சின்ன அரசாங்கத்துக்கு ஆதரவான வாதமாகவே தெரிகிறது. ஒரு மந்திரியின் ஒற்றைக் கையெழுத்துக்கு எண்ணெய் வயல் விலை இருந்தால், கையெழுத்தை வாங்க ஆள் வரத்தான் செய்யும்.

மார்க்: செகண்ட் கிளாஸ். கடைசி பெஞ்ச் நியாயமே இல்லை.

கூலிட்ஜ் (1923-29): பேசா மடந்தை

ஹார்டிங் பதவியிலேயே இறந்ததால் வந்தவர் கால்வின் கூலிட்ஜ். அதிகம் பேசமாட்டார். செலவை வருஷத்துக்கு சுமார் 300 கோடி டாலரில் கட்டிப்போட்டார். தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அரசாங்கம் மட்டும் அதே சைஸில் நின்றது. 1921-ல் 2,400 கோடியாக இருந்த தேசியக் கடன் 1929-ல் சுமார் 1,690 கோடி. உச்ச வரி 25 சதவீதத்துக்கு வந்தது. முதல் விதியைப் படித்துவிட்டு நடந்துகொண்டவர் மாதிரி, செலவைக் குறைத்து, கடனையும் அடைத்து, அப்புறம் வரியைக் குறைத்தார்கள் (நிதி மந்திரி ஆண்ட்ரூ மெல்லன் துணையோடு).

விளைபொருள்களை அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கி வெளிநாட்டில் மலிவாகத் தள்ளிவிட வேண்டும் என்ற மக்நேரி-ஹாகன் மசோதாவை 1927, 1928 என்று இரண்டு முறை வீட்டோ செய்தார். விவசாய மாநிலங்கள் அவருடைய கட்சியின் கோட்டை. அப்படியும் செய்தார்.

குறை? ஹார்டிங் காலத்து இறக்குமதி வரியை அப்படியே வைத்திருந்தார். விவசாயி தான் வாங்கும் சாமானுக்கெல்லாம் அந்த வரியைச் சுமக்க, விற்கும்போது மட்டும் உலகச் சந்தை விலை. "உனக்கு உதவி கிடையாது" என்று விவசாயியிடம் சொல்ல வேண்டுமானால், ஃபாக்டரிக்காரனிடமும் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

மார்க்: ஃபர்ஸ்ட் கிளாஸ். டிஸ்டிங்ஷன் கைநழுவியது.

ஹூவர் (1929-33): தப்பான ஹால் டிக்கெட்

பாடப் புத்தகங்களில் ஹெர்பர்ட் ஹூவர் என்றால் 'எதுவும் செய்யாமல் கை கட்டி வேடிக்கை பார்த்தவர்'. கணக்குப் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. பங்குச் சந்தை விழுந்த அடுத்த மாதமே, 1929 நவம்பரில், பெரிய முதலாளிகளைக் கூப்பிட்டு சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 1930 ஜூனில் ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாம் என்று மனுப் போட்டும் கையெழுத்துப் போட்டார். 1932-ல் வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க ஒரு அரசு நிறுவனம். அதே வருஷம் உச்ச வருமான வரி 25-லிருந்து 63 சதவீதம். மத்திய அரசின் செலவு 1929-ல் சுமார் 310 கோடி, 1932-ல் 460 கோடிக்கு மேல். விலைகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில்!

பதவி விட்டுப் போகும்போது நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. இதற்கு முழுக் காரணம் அவர் என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடியபோது ஃபெடரல் ரிசர்வ் தன் வேலையைச் செய்யவில்லை என்பது பெரிய காரணம். ஆனால் 'சிறிய அரசாங்கத்தை முயற்சி பண்ணித் தோற்றவர்' என்று அவருக்கு ஹால் டிக்கெட் கொடுக்காதீர்கள். அவர் எழுதியது வேறு பரீட்சை.

மார்க்: அரியர்.

ட்ரூமன் (1945-53): கேட்டது கிடைக்காததால் பாஸ்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், சுமார் ஒரு கோடி சிப்பாய்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அரசாங்கச் செலவு 1945-ல் 9,270 கோடி டாலர், 1948-ல் 2,980 கோடி. அரசாங்கம் கையை எடுத்தால் மறுபடி மந்தம் வரும், லட்சக்கணக்கில் வேலை போகும் என்று பலர் பயந்தார்கள். நடந்தது? 1946-லிருந்து 1948 வரை வேலையின்மை 4 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு செலவு காணாமல் போயும் ஊர் ஓடியது.

ஹாரி ட்ரூமன் இதை ஆசைப்பட்டா செய்தார்? இல்லை. அவர் கேட்டது விலைக் கட்டுப்பாட்டின் நீட்டிப்பு, தேசிய மருத்துவக் காப்பீடு இன்னும் பல. காங்கிரஸ் கொடுக்கவில்லை. 1952-ல் ஸ்டீல் ஆலைகளையே அரசுடைமை மாதிரி கைப்பற்றப் பார்த்தார், சுப்ரீம் கோர்ட் தடுத்தது. மூன்றாம் விதிக்கு நல்ல உதாரணம்: அதிபர் ஒருவர் காலத்தில் நடந்ததும், அதிபர் செய்ததும் வேறு வேறு.

மார்க்: கிரேஸ் மார்க்கில் பாஸ்.

நிக்ஸனும் கார்ட்டரும்: லேபிள் மாறிய பாட்டில்கள்

ஆறாம் விதி எதற்கு என்று கேட்டால் இந்த இருவரைக் காட்டுவேன். ரிச்சர்ட் நிக்ஸன் குடியரசுக் கட்சி. 1971 ஆகஸ்ட் 15-ம் தேதி டிவியில் தோன்றி, 90 நாளைக்கு நாட்டில் சம்பளமும் விலையும் ஏறக் கூடாது என்றார். டாலருக்குத் தங்கம் கிடையாது என்றார். இறக்குமதிக்கு 10 சதவீத கூடுதல் வரி என்றார். யுத்தம் எதுவும் சம்பளத்தையும் விலையையும் முடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத நேரத்தில், அடுத்த தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்! கட்டுப்பாடுகள் ஏதோ ஒரு வடிவில் 1974 ஏப்ரல் வரை நீடித்தன. அப்புறம் விலைகள் அடக்கிவைத்த ஸ்பிரிங் மாதிரி எகிறின. இது ஃபெயில் கூட இல்லை, மால்பிராக்டிஸ்.

ஜிம்மி கார்ட்டர் (1977-81) ஜனநாயகக் கட்சி. 'பலவீனமான அதிபர்' என்று இன்றும் கிண்டல். ஆனால் 1978-ல் விமானத் துறையை அவிழ்த்துவிட்டவர் அவர்தான். அதற்கு முன் எந்த கம்பெனி எந்த ரூட்டில் பறக்கலாம், டிக்கெட் எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு போர்டு தீர்மானித்தது. போர்டின் தலைவராக கார்ட்டர் போட்ட ஆல்ஃபிரட் கான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்த போர்டை மூடும் வேலையைப் பார்த்தார் :-) தன் நாற்காலியைத் தானே உடைத்த அதிகாரியை நம்மூரில் எங்கே தேடுவது? 1984 முடிவோடு போர்டே இல்லை. 1980-ல் லாரித் தொழில், ரயில் சரக்கு இரண்டிலும் கட்டுகள் தளர்ந்தன. 1979-ல் பால் வோல்க்கரை ஃபெடரல் ரிசர்வ் தலைவராகப் போட்டார். வோல்க்கர் வட்டியை ஏற்றி பணவீக்கத்தை அடக்கினார், அந்த வலியில் கார்ட்டரின் மறுதேர்தலும் சேர்ந்து போயிற்று.

முழு நல்லவர் இல்லை. எரிசக்தித் துறை, கல்வித் துறை என்று இரண்டு புது மந்திரி ஆபீஸ் திறந்தவரும் அவரே. இருந்தாலும் மார்க்: செகண்ட் கிளாஸ். நிக்ஸனுக்குக் கிடைக்காதது.

ரீகன் (1981-89): மேடைப் பேச்சில் முதல் பரிசு

எங்கள் கட்சிக்காரர்களின் ஹீரோ. அதனால்தான் இவர் பேப்பரைக் கூடுதல் கவனத்தோடு திருத்த வேண்டும். உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 28-க்கு வந்தது. 1980-ல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1988-ல் 4 சொச்சம் (பாதிப் புகழ் வோல்க்கருக்கு, அவரை நடுவில் கையை முறுக்காமல் விட்ட புகழ் ரீகனுக்கு).

முதல் விதி என்ன சொல்லிற்று? செலவைப் பார். மொத்த உற்பத்தியில் மத்திய அரசின் செலவு அவர் வரும்போது சுமார் 22 சதவீதம், போகும்போது சுமார் 21. எட்டு வருஷப் பேச்சுக்கு ஒரு சதவீதம்! கடன் சுமார் ஒரு லட்சம் கோடி டாலரிலிருந்து கிட்டத்தட்ட 2.9 லட்சம் கோடி ஆனது. கார்ட்டர் திறந்த இரண்டு துறைகளையும் மூடுவேன் என்றார், மூடவில்லை. ஜப்பான் கார்களுக்கு 1981-ல் 'தானாக முன்வந்த' கட்டுப்பாடு, பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு 1983-ல் சுமார் 45 சதவீத கூடுதல் இறக்குமதி வரி. ஹார்லி-டேவிட்சனைக் காப்பாற்ற.

மார்க்: செகண்ட் கிளாஸ். கார்ட்டர் பக்கத்து சீட்.

கிளின்டனும் ஜார்ஜ் புஷ்ஷும் (1993-2009)

பில் கிளின்டன் காலத்தில் செலவு 21 சதவீதத்திலிருந்து சுமார் 18-க்கு இறங்கியது. 1998 முதல் பட்ஜெட்டில் உபரி, 2000-ல் சுமார் 23,600 கோடி டாலர். நாஃப்தா வர்த்தக ஒப்பந்தம், 1996-ல் நலத்திட்டச் சீர்திருத்தம். சோவியத் யூனியன் கலைந்ததால் ராணுவச் செலவு குறைந்ததும், 1995 முதல் எதிர்க்கட்சி காங்கிரஸ் இருந்ததும் பெரிய உதவி. இருவரும் மாறி மாறிக் கை தட்டிவிடாததால் பணம் மிஞ்சியது.

அடுத்து வந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் செலவு 2001-ல் 1.86 லட்சம் கோடி, 2008-ல் 2.98 லட்சம் கோடி. யுத்தங்களை விடுங்கள். 2002-ல் ஸ்டீல் இறக்குமதி வரி, 2003-ல் முதியோருக்கு மருந்துச் செலவுத் திட்டம், 2008-ல் வங்கிகளைத் தூக்கிவிட 70,000 கோடி. முதல் ஆறு வருஷத்தில் பெரும்பாலும் சொந்தக் கட்சி காங்கிரஸ். முதல் பதவிக்காலத்தில் ஒரு வீட்டோகூட இல்லை.

மார்க்: கிளின்டன் ஃபர்ஸ்ட் கிளாஸ், புஷ் அரியர். 2008-க்குப் பிறகு வந்தவர்களின் பேப்பர் இன்னும் சூடாக இருக்கிறது, தொடவில்லை. மொத்தக் கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது என்பதையும், இரண்டு கட்சியும் சேர்ந்துதான் தாண்டின என்பதையும் மட்டும் குறித்து வைக்கிறேன்.

இந்தத் தராசு எதை நிறுக்காது?

இதுவரை படித்துவிட்டு 'ஆக, அரசாங்கம் சும்மா இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று முடிவு கட்டவேண்டாம். இரண்டு சங்கடமான பேப்பர்கள் மிச்சம் இருக்கின்றன.

ஒன்று, குரோவர் கிளீவ்லாண்ட் (1885-89, 1893-97). இரண்டு பதவிக்காலத்தில் 584 வீட்டோ. 1887-ல் டெக்சாஸில் வறட்சி. விதை வாங்கிக் கொடுக்க 10,000 டாலர் கேட்ட மசோதாவையே மறுத்தவர். இவ்வளவு சுத்தமான சிறிய அரசாங்கக்காரர் வேறு இல்லை. ஆனால் 1893-ல் வந்த நெருக்கடி 18 மாதத்தில் முடியவில்லை, வருஷக்கணக்கில் இழுத்தது. ஆகவே 1921-ஐ மட்டும் காட்டி 'பாருங்கள், தானாகச் சரியாயிற்று' என்று வாதாடுவது நேர்மை இல்லை. 1893-ஐயும் மேஜையில் வைக்க வேண்டும். என் பதில் இது: அரசாங்கத்தைச் சிறிதாக வைத்திருப்பது எல்லா நோய்க்கும் மருந்து என்பதற்காக நான் மார்க் போடவில்லை. ஒரு நெருக்கடிக்காகக் கொடுத்த அதிகாரம் நெருக்கடி போன பிறகும் போவதில்லை என்பதற்காகப் போடுகிறேன். 1913-ல் 7 சதவீதமாக வந்த வரி ஐந்து வருஷத்தில் 77 ஆனது. இன்றுவரை 7-க்குத் திரும்பியதே இல்லை.

இரண்டாவது இன்னும் கசப்பு. ஆண்ட்ரூ ஜாக்சன். அமெரிக்க சரித்திரத்திலேயே தேசியக் கடனை முழுசாக அடைத்த ஒரே அதிபர், 1835 ஜனவரியில். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் அவருக்குத்தான் யுனிவர்சிட்டி கோல்டு மெடல். ஆனால் 1830-ல் பூர்வகுடிகளை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரே. அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக, அடுத்த அதிபர் காலத்தில் செரோகி மக்கள் ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். ஒருவனை அவன் வீட்டிலிருந்து துப்பாக்கி முனையில் துரத்தும் அரசாங்கத்தைச் 'சிறிய அரசாங்கம்' என்று எப்படிச் சொல்வது? பட்ஜெட் சிறியது, அவ்வளவுதான். அரசாங்கம் அந்தச் செரோகிக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும்!

கூலிட்ஜுக்கு டிஸ்டிங்ஷன் கொடுக்காததற்கும் இது ஒரு காரணம். செலவு 300 கோடியில் நின்ற அதே காலத்தில் மதுவிலக்கு போலீஸ் வீடு வீடாகத் தேடியது. 1924-ல் எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர் வரலாம் என்று கோட்டா போட்டுக் கதவைச் சாத்தினார்கள் (நம்மூர் ஆட்களுக்கு 1917 சட்டத்திலேயே கதவு சாத்தியாகிவிட்டது).

அதனால் விதிமுறைகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துத்தான் இந்த மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன்: கஜானாவின் சைஸை அளப்பதற்கு முன், அந்த அரசாங்கம் யார் முதுகின் மேல் உட்கார்ந்திருந்தது என்று கேள். அந்தக் கேள்வியில் ஜாக்சன் ஃபெயில், கோல்டு மெடல் வாபஸ்.

மொத்த ரிசல்ட்: கிளின்டன், கூலிட்ஜ் ஃபர்ஸ்ட் கிளாஸ். கார்ட்டர், ஹார்டிங், ரீகன் செகண்ட் கிளாஸ். ட்ரூமன் கிரேஸ் மார்க். ஹூவர், புஷ் அரியர். நிக்ஸன் டிபார். கிளீவ்லாண்டின் பேப்பரை இன்னொரு நாள் தனியாகத் திருத்த எடுத்து வைத்திருக்கிறேன், அவசரப்படக்கூடிய பேப்பர் இல்லை அது.

உங்கள் லிஸ்ட் வேறாக இருக்கலாம். பரவாயில்லை. விதிகளை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பெயர்களை எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால் விதி தானாக வளைந்துகொள்ளும்.